செட் போடும் பிள்ளைகள்

வடபழனியில் இன்று வணிக வளாகமும் விஜயா மருத்துவமனையும் நிற்கிற பக்கத்தில் ஒரு காலத்தில் துவாரகை இருந்தது. நிலா வெளிச்சத்தில் மினுங்கிய துவாரகை. 1957-இல் வெளிவந்த ‘மாயா பஜார்’ படத்துக்காக விஜயா ஸ்டூடியோக்காரர்கள் 50 அடிக்கு 60 அடி இடத்தில் சுமார் 300 குட்டி வீடுகளைக் கட்டி, அவற்றுக்கு மின்விளக்கும் போட்டார்கள். கலை இயக்கம் கோகலே, கலாதர். ஒளிப்பதிவு மார்கஸ் பார்ட்லி. கொட்டகையில் உட்கார்ந்து பார்த்தவருக்கு அது ஒரு மாநகரம்.

அதே படத்தில் இன்னொரு ஊரும் உண்டு. கல்யாணத்துக்கு வரும் கௌரவர் கூட்டத்தை அலைக்கழிக்கக் கடோத்கஜன் எழுப்பும் மாய ஊர். பார்க்க மாளிகை, புழங்கினால் பொறி. விரித்த கம்பளம் விருந்தாளியோடு வம்புக்கு வரும். படுத்தவரைக் கட்டில் உருட்டித் தள்ளும். மாட்டிக்கொண்டவர்கள் படும் பாடுதான் நமக்குச் சிரிப்பு.

கோடம்பாக்கத்தில் ஏதோ ஓர் அடுக்குமாடி வீட்டில், பரீட்சை முடிந்த கையோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்ட பன்னிரண்டு வயதுப் பிள்ளை செய்துகொண்டிருப்பதும் பெரும்பாலும் இந்தக் கடோத்கஜன் வேலைதான். கேம் ஆடுகிறது என்று வீட்டார் நினைப்பார்கள். அது ஆடவில்லை, கட்டிக்கொண்டிருக்கிறது. அதில் வந்து விழப்போகிறவர்கள் ஜகார்த்தாவிலும் சாவோ பாலோவிலும் இருக்கலாம்.

ஓடி, தாவி, பள்ளம் தாண்டி, மேடு ஏறிக் கடைசிக் கொடியைத் தொடும் ஆட்டங்களை ‘பிளாட்பார்மர்’ என்பார்கள். 1985-இல் வந்த ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ அந்த வகைக்கு இலக்கணம் மாதிரி. அதில் ஒவ்வொரு கட்டமும் ஒரு ‘லெவல்’. ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனத்தில் மியாமோட்டோவும் டெசுகாவும் அந்த லெவல்களைக் கட்டம் போட்ட தாளில் பென்சிலால் வரைந்தார்கள். நம் வீடுகளில் நோட்டுப் புத்தகத்தில் புள்ளி வைத்து மார்கழிக் கோலத்துக்குத் தயாராவது போலத்தான். நிறுவனத்துக்காரர் வரைவார், நாம் ஆடுவோம். நீண்ட காலம் இதுவே வழக்கம்.

அந்த வழக்கத்துக்கு விலக்கு அதற்கும் முன்பே இருந்தது. 1983-இல் டக்ளஸ் ஸ்மித் எழுதிய ‘லோட் ரன்னர்’ ஆட்டத்தில் 150 லெவல்கள். கூடவே, ஆடுகிறவரே லெவல் கட்டிக்கொள்ள ஒரு கருவியும் இருந்தது. ரசிகர்கள் கட்டி அனுப்பியவற்றைத் திரட்டி அடுத்த ஆண்டு 50 லெவல்களோடு ‘சாம்பியன்ஷிப் லோட் ரன்னர்’ என்று தனியாகவே ஒன்றை வெளியிட்டார்கள். இணையம் வந்த பிறகு தபால் செலவு மிச்சமாயிற்று. 2008-இல் ‘லிட்டில் பிக் பிளானட்’, 2015-இல் ‘சூப்பர் மரியோ மேக்கர்’, 2023 மே மாதம் ‘ஃபால் கைஸ்’ ஆட்டத்தின் கிரியேட்டிவ் பகுதி, இவற்றுக்கெல்லாம் முன்பே 2006-இல் கடைவிரித்த ‘ரோப்ளாக்ஸ்’ என்று வரிசை நீள்கிறது.

இவற்றில் ‘லிட்டில் பிக் பிளானட்’ கோடம்பாக்கத்துக்கு நெருங்கிய சொந்தம். அதன் நாயகன் ஒரு சாக்குப் பொம்மை. லெவல் கட்டக் கிடைக்கும் சரக்கு என்ன தெரியுமா? அட்டை, மரம், ஸ்பாஞ்சு, துணி, தெர்மாகோல். நம் ஊர் செட் கான்ட்ராக்டரின் குடோனைத் திறந்தாற்போல இருக்கும். மரம் கனக்கும், தெர்மாகோல் இலேசு, ஸ்பாஞ்சைப் பிடித்துத் தொங்கலாம், கண்ணாடியில் வழுக்கும். எதை எங்கே வைப்பது என்பது அழகு பற்றிய கேள்வி மட்டும் இல்லை. ஏறுகிறவர் விழுவாரா நிற்பாரா என்பதும் அதில் இருக்கிறது.

‘தீம்’ என்ற சொல்லைப் பலரும் பெயின்ட் வேலை என்றே புரிந்துகொள்கிறார்கள். அப்படிப் புரிந்துகொள்ள நியாயமும் உண்டு. முதல் மரியோ ஆட்டத்தில் தரையிலிருக்கும் புதரும் வானத்திலிருக்கும் மேகமும் ஒரே படம். ஒன்று பச்சை, ஒன்று வெள்ளை, அவ்வளவுதான். இடப் பற்றாக்குறைக்கு அன்று கண்ட வழி அது. ஒரே மாடிப்படியை வேறு வேறு சாயம் அடித்துப் பல படங்களில் ஓட்டிய ஸ்டூடியோக்காரர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

ஆனால் நல்ல தீம் பெயின்ட்டோடு நிற்பதில்லை. 2019-இல் வந்த ‘சூப்பர் மரியோ மேக்கர் 2’ பத்துக் களங்களைத் தருகிறது: காடு, பனி, பாலைவனம், பேய் வீடு, கோட்டை, வானம் என்று. அதில் ஒரு நிலாவை எடுத்து வைத்தால் அந்தக் களங்களுக்கு இரவு வடிவமும் கிடைக்கும். ‘மாயா பஜார்’ ஒளிப்பதிவாளர் பார்ட்லி பார்த்திருந்தால் ரசித்திருப்பார். இரவில் நிறம் மாறுவதோடு விதியும் மாறுகிறது. காட்டின் தண்ணீர் விஷமாகிவிடும். பனியில் எல்லாம் வழுக்கும். பாலைவனத்தில் மணற்காற்று ஆளைத் தள்ளும். வானத்தில் உடம்பு இலேசாகித் தாவல் நீளும். நிலவறை மொத்தமும் தலைகீழாகப் புரளும். ‘இங்கே காற்று அடிக்கும், ஜாக்கிரதை’ என்று பலகை மாட்ட வேண்டியதில்லை. பாலைவன இரவு என்று பார்த்ததுமே ஆடுகிறவரின் கை சொல்லாமலே தயாராகிறது. பிள்ளைகள் கட்டும் லெவல்களில் பெரும்பாலானவை சொதப்புவதும் இந்த இடத்தில்தான். கிடைத்த அலங்காரத்தையெல்லாம் கொட்டிவிடுகிறார்கள். எது தூண், எது பொறி, எதன் மேல் கால் வைக்கலாம் என்றே தெரியாது. தங்க முலாம் பூசிய தூண்களுக்கு நடுவே நாயகியைத் தேட வேண்டியிருந்த சில பழைய கனவுப் பாடல்கள் நினைவுக்கு வரும்.

ஒருவர் ஆடும் லெவலுக்கும் பலர் ஒரே நேரத்தில் மோதும் லெவலுக்கும் உள்ள தூரம், தி.நகரின் காலி ரங்கநாதன் தெருவுக்கும் தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ரங்கநாதன் தெருவுக்கும் உள்ள தூரம்.

லண்டனில் இயங்கும் மீடியாடானிக் நிறுவனம் 2020 ஆகஸ்டில் ‘ஃபால் கைஸ்’ ஆட்டத்தை வெளியிட்டது. போகோ சேனலில் ‘தாக்கேஷீஸ் காஸில்’ பார்த்து வயிறு குலுங்கியவர்களுக்கு அறிமுகமே தேவையில்லை. அந்த ஜப்பானிய நிகழ்ச்சிதான் இதற்குத் தூண்டுதல்களில் ஒன்று. உருண்டை உருண்டையான பொம்மைகள், ஆரம்பத்தில் ஒரே பந்தயத்தில் 60 பேர் வரை. இங்கே பாதையின் அகலமே தலைவிதி. இரண்டு பேர் மட்டும் போகக்கூடிய ஒரு சந்து வைத்தால், ஓடுவது நின்று முண்டுவது தொடங்கிவிடும். முன்னால் போனவர் தப்பிப்பார், பின்னால் வந்தவர்கள் கும்பலாகக் கீழே விழுவார்கள். தேர்ந்தவர் அந்தச் சந்தைத் தெரிந்தே வைப்பார், ஆனால் பக்கத்தில் சுற்றுவழி ஒன்றையும் விடுவார். கொஞ்சம் தூரம் அதிகம், நெரிசல் இல்லை. எதில் போவது என்று ஆடுகிறவர் நொடியில் முடிவெடுக்க வேண்டும். அந்த நொடிதான் ஆட்டம்.

கோடம்பாக்கம் இதை அனுபவத்தில் அறியும். மேம்பாலம் வருவதற்கு முன் இங்கே ரயில்வே கேட் இருந்தது. கேட் மூடினால் ஸ்டூடியோவுக்குப் போகும் நட்சத்திரங்களின் கார்களும் நின்றே ஆக வேண்டும். அவர்களைப் பார்ப்பதற்கென்றே அங்கே கூட்டம் காத்துக் கிடக்கும். ஓர் இடுக்கு, ஒரு காத்திருப்பு, அதனால் உண்டாகும் பரபரப்பு: ஃபால் கைஸ் லெவல் கட்டுகிறவர் தேடுவதும் இதைத்தான்.

இந்த லெவல் உலகில் எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று உண்டு. மரியோ மேக்கரிலும் சரி, ஃபால் கைஸிலும் சரி, கட்டியவர் தன் லெவலைத் தானே ஆடி முடித்துக் காட்டினால்தான் ஊருக்கு வெளியிட முடியும். தெருவில் சாக்பீஸால் பாண்டிக் கட்டம் போடுகிற பெண்பிள்ளைகளுக்கு இது தெரியும். வாசலிலிருந்து எதிர் வீடு வரைக்கும் ஒரு கட்டத்தை வரைந்து வைத்தால், மற்றவர்கள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “முதல்ல நீ தாண்டுடி பாக்கலாம்” என்பார்கள். அதே நீதி.

இந்த நீதியை ஒருவர் ஏமாற்றிய கதை 2024-இல் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. பழைய மரியோ மேக்கரின் சர்வர்கள் அந்த ஏப்ரல் 8-ஆம் தேதி மூடப்படும் என்று நிண்டெண்டோ அறிவித்திருந்தது. அதற்குள், யாரும் முடிக்காத ஒரு லெவல்கூட மிச்சமிருக்கக் கூடாது என்று ‘டீம் ஸீரோ பர்சென்ட்’ என்ற ரசிகர் குழு கங்கணம் கட்டிக்கொண்டது. ஒவ்வொன்றாகத் தீர்த்து, மார்ச் மாதம் கடைசி ஒன்றில் வந்து நின்றார்கள். பெயர் ‘ட்ரிம்மிங் த ஹெர்ப்ஸ்’, 2017-இல் ஏற்றப்பட்டது. முடிக்க ஆகும் நேரம் சுமார் 17 விநாடி. ஆனால் ஒவ்வொரு தாவலும் மயிரிழை பிசகக் கூடாது. தேர்ந்த ஆட்டக்காரர்கள் நாள் கணக்கில் முட்டி மோதினார்கள். அப்போதுதான் கட்டியவர் உண்மையை ஒப்புக்கொண்டார்: அதை அவர் கையால் முடிக்கவே இல்லை, தாவல்களைத் துல்லியமாகப் போடும் கருவியை வைத்து ஏற்றியிருந்தார். கணக்கில் சேராது என்று குழு அறிவித்தது. அதற்குச் சில நாள் முன்பு வேறொரு லெவல் முடிந்தபோதே தங்கள் வேலை நிறைவேறிவிட்டதாக எடுத்துக்கொண்டது. ஆனால் ஆட்டக்காரர்களில் சிலருக்கு மனசு ஆறவில்லை. ஏப்ரல் 5-ஆம் தேதி, சர்வர் மூட மூன்றே நாள் இருக்கையில், ஒருவர் வெறும் கையாலேயே முடித்துக் காட்டிவிட்டார்.

ரோப்ளாக்ஸின் கதை வேறு. அங்கே இந்தத் தடைப் பந்தயங்களுக்கு ‘ஆபி’ என்று செல்லப் பெயர். சினிமாவில் ஒன்று ஓடினால் ஒன்பது அதே மாதிரி வருவது போல, அங்கேயும் காற்று எப்பக்கம் அடிக்கிறதோ அப்பக்கம் செட் எழும். 2021 செப்டம்பரில் ‘ஸ்க்விட் கேம்’ என்ற வன்முறை மிகுந்த கொரியத் தொடர் வந்தது. சில வாரங்களுக்குள் அந்தத் தொடரின் பொம்மையும் சிவப்பு விளக்கு, பச்சை விளக்கு ஓட்டமும் ரோப்ளாக்ஸில் பல பேர் கையில் பல வடிவங்களில் முளைத்துவிட்டன. தொடரைப் பார்க்கக்கூடாத வயதுப் பிள்ளைகள் அதன் செட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்தார்கள். பெற்றோர் கவனிக்க வேண்டிய இடம் இது. இன்னொன்றும் உண்டு: ரோப்ளாக்ஸில் ‘ரோபக்ஸ்’ என்ற காசு புழங்குகிறது, அதை நிஜப் பணம் கொடுத்து வாங்குகிறார்கள். அங்கே ஆட்டம் கட்டி உழைக்கிறவர்களில் பலர் பள்ளிப் பிள்ளைகள், லாபத்தில் பெரும்பங்கு நிறுவனத்துக்கு என்ற விமர்சனம் மேல்நாடுகளில் பலமாக எழுந்தது. அதில் நியாயம் இருக்கிறது. 2025-இல் இந்திய நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் தடுப்பது பணம் கட்டி ஆடும் ஆட்டங்களை. லெவல் கட்டும் வேலை அந்தத் தடையில் வராது. வங்கி அட்டை எண்ணையும் சாட் வசதியையும் பிள்ளை கையில் அப்படியே விடலாமா என்பதை வீட்டார்தான் தீர்மானிக்க வேண்டும்.

ஷூட்டிங் முடிந்த மறுநாளே செட்டைப் பிரித்துவிடுவார்கள். ப்ளைவுட் அடுத்த படத்துக்குப் போகும், தெர்மாகோல் குப்பைக்கு. லெவல்களுக்கும் அதே கதிதான். ‘லிட்டில் பிக் பிளானட் 3’ ஆட்டத்தின் சர்வர்கள் 2024-இல் நின்றுபோயின. பதினைந்து ஆண்டுகளாக உலகெங்கும் பிள்ளைகள் ஏற்றி வைத்த கோட்டைகளுக்கு நேர்வழி அடைபட்டுவிட்டது. துவாரகைக்காவது படச்சுருள் இருந்தது.

ஃபால் கைஸ் 2022 ஜூன் முதல் இலவசம். அதில் கட்டி முடித்த லெவலுக்கு ஒரு பகிர்வு எண் கிடைக்கும். அந்த எண் இருந்தால் யாரும் வந்து ஆடலாம். வாசகர் வீட்டுப் பிள்ளைகள் யாராவது பழைய கோடம்பாக்கம் ரயில்வே கேட்டை, மூடித் திறக்கும் கட்டையோடும், நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு நட்சத்திரத்தின் காரோடும் கட்டியிருந்தால், அந்த எண்ணை இந்த இதழுக்கு எழுதி அனுப்புங்கள். முதலில் அவர்களே தாண்டியிருக்க வேண்டும்.