களைக்கொல்லியைக் கலக்கும் முன் லேபிளைப் படியுங்கள்

அடுக்குமாடிக் குடியிருப்பு, பள்ளி வளாகம், ரிசார்ட் என்று எங்கு போனாலும் இப்போது புல்தரை. அதில் கோரையும் புளியாரையும் அம்மான் பச்சரிசியும் முளைத்தால், "தனியா அடிச்சா கேக்காது சார், ரெண்டையும் கலந்து அடிங்க, வேரோட போயிடும்" என்று கடையில் சொல்வதை நம்பி இரண்டு மருந்தையும் ஒரே டேங்கில் ஊற்றுகிறோம். இந்தப் பழக்கம் ஆபத்தானது.

ஏன் கலக்கிறார்கள்?

ஒரே களைக்கொல்லி எல்லாக் களைகளுக்கும் கேட்காது. 2,4-டி அகன்ற இலைக் களைகளை அழிக்கும். புல்வகைக் களைகளை விட்டுவிடும். அதனால் வெவ்வேறு விதமாக வேலை செய்யும் மருந்துகளைச் சேர்ப்பதில் நியாயம் உண்டு. அமெரிக்காவில் 2,4-டி, மெக்கோப்ராப், டைகாம்பா மூன்றும் சேர்ந்த கலவை புல்தரைக்கென்றே விற்கப்படுகிறது. ஆனால் அது சோதித்து, அளவு நிர்ணயித்து, பதிவு செய்யப்பட்ட கலவை. இந்தியாவிலும் கலவை மருந்து விற்கத் தனிப் பதிவு வேண்டும். நம் வாளியில் கலக்குவதை யாரும் சோதித்ததில்லை.

என்ன ஆபத்து?

கலந்தால் வீரியம் கூடும் என்ற எண்ணமே பல நேரம் தவறு. கிளைபோசேட் இலை வழியே இறங்கி வேர்வரை போக வேண்டிய மருந்து. அதோடு பாராகுவாட்டைச் சேர்த்தால், அது இலையை உடனே கருக்கிவிடும். கிளைபோசேட் கீழே இறங்க வழியிருக்காது. மேலே காய்ந்த கோரை கிழங்கிலிருந்து மறுபடி துளிர்க்கும். இவை இரண்டும் நாம் வளர்க்கும் புல்லையும் சேர்த்தே கொல்பவை. பஃபலோ புல்லுக்கு 2,4-டி கூட ஒத்துக்கொள்ளாமல் போகலாம். காற்றில் பறந்தால் பக்கத்துத் தோட்டத்துத் தக்காளியும் சுருண்டுபோகும்.

முதலில் பாதிக்கப்படுபவர் தோட்டக்காரர். லுங்கியை மடித்துக் கட்டி, முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, தான் தெளித்த ஈரப்புல்லிலேயே வெறுங்காலோடு நடக்கிறார். அடுத்து, மாலையில் விளையாட வரும் குழந்தைகள். பாராகுவாட்டுக்கு முறிவு மருந்தே கிடையாது. உடம்பில் போனது எது என்று தெரியாவிட்டால் சிகிச்சையும் தாமதமாகும்.

உங்கள் உரிமைகள்

பூச்சிக்கொல்லிச் சட்டம் 1968, விதிகள் 1971 ஆகியவை களைக்கொல்லிக்கும் பொருந்தும். மருந்துக்கு ரசீது கேட்பது உங்கள் உரிமை. தொகுதி எண், காலாவதித் தேதி, நச்சின் அளவைக் காட்டும் நிற முக்கோணம் ஆகியவை லேபிளில் இருக்க வேண்டும். நச்சு அறிகுறிகள், முதலுதவி பற்றிய துண்டுப் பிரசுரமும் உள்ளே இருக்க வேண்டும். தண்ணீர் பாட்டிலில் ஊற்றித் தரும் சில்லறை விற்பனை சட்டவிரோதம். தெளிப்பவருக்குக் கையுறை, பூட்ஸ், முகக்கவசம் தருவது வேலை கொடுப்பவரின் கடமை. குடியிருப்பில் எந்த மருந்து, என்று, எங்கே அடிக்கப் போகிறார்கள் என்று சங்கத்திடம் முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள்.

தீர்வு என்ன?

மருந்தின் தரத்தில் சந்தேகம் வந்தால் வட்டார வேளாண்மை அலுவலகத்தில் புகார் கொடுங்கள். மாதிரி எடுக்கப் பூச்சிக்கொல்லி ஆய்வாளருக்கு அதிகாரம் உண்டு. தவறான மருந்தாலோ மோசமான சேவையாலோ நஷ்டம் வந்தால், 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமில்லை. ஆலோசனைக்கு 1915. ரசீது, பாட்டில், கருகிய புல்லின் படம் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள்.

மருந்து உடம்பில் பட்டால் உடையைக் கழற்றி, சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். விழுங்கியிருந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், 108-ஐ அழையுங்கள். கலந்த எல்லா மருந்துகளின் பாட்டில்களையும் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். எய்ம்ஸ் தேசிய நச்சுத் தகவல் மையத்தின் எண் 1800 116 117.

கலக்கலாம் என்று லேபிளே சொன்னால் மட்டும் கலக்குங்கள். அப்போதும் முதலில் ஒரு கண்ணாடிக் குவளையில் அதே விகிதத்தில் சிறிதளவு கலந்து அரை மணி நேரம் வையுங்கள். திரிந்தாலோ, அடியில் கட்டியாகப் படிந்தாலோ, சூடேறினாலோ அந்தக் கலவை வேண்டாம். குவளையைச் சமையலறைக்குத் திருப்பிக் கொண்டுபோகாதீர்கள்.

நாலு மூலையில் முளைத்த கோரையைக் கிழங்கோடு தோண்டி எடுக்க ஒரு களைக்கொத்து போதும். புல்லை ஒட்ட வெட்டாமல் அடர்த்தியாக வளரவிட்டாலே பாதிக் களை குறையும். முதலில் அதைச் செய்யுங்கள். மருந்து தவிர்க்க முடியாதபோது மட்டும், லேபிளில் உள்ளபடி, ஒன்றை மட்டும் தெளியுங்கள்.