எந்த இடதுசாரியைப் பற்றிப் பேசுகிறோம்?

2024 நவம்பர் 14ஆம் திகதி நடந்த பொதுத் தேர்தலில் தேசிய மக்கள் சக்தி 225 ஆசனங்களில் 159ஐக் கைப்பற்றியது. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் 6 ஆசனங்களில் 3 அதற்குக் கிடைத்தன. தமிழ்க் கட்சிகளைப் பின்தள்ளி, வாக்கு எண்ணிக்கையிலும் அது அங்கு முதலிடம் பெற்றது. அந்தக் கூட்டணியின் மையமாக இருப்பது ஜே.வி.பி. என்பதால், நீண்ட காலம் வாசிகசாலைகளிலும் சிறு சஞ்சிகைகளிலும் மட்டும் பேசப்பட்ட மார்க்ஸியம் மறுபடியும் தமிழ் முகநூலின் அன்றாடப் பேச்சாகியிருக்கிறது.

ஆனால் அந்தப் பேச்சு பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் ஓடுகிறது. ஒருவர், இடதுசாரிகள் என்றாலே சிவப்புச் சட்டை போட்ட பேரினவாதிகள் என்கிறார். மற்றவர், அப்படிச் சொல்வோர் எல்லோரும் குறுந்தேசியவாதிகள் என்கிறார். முதலாமவர் 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பை எடுத்துப் போடுகிறார். இரண்டாமவர் 1956ஆம் ஆண்டுப் பாராளுமன்ற உரையை எடுத்துப் போடுகிறார். இரண்டும் உண்மை. இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று கேட்பதற்குள் விவாதம் வசையாகிவிடுகிறது.

இதைக் கோபத்தின் விளைவு என்று மட்டும் சொல்ல முடியாது. ‘இடதுசாரி’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் குறைந்தது நான்கு விடயங்கள் இருக்கின்றன. முதலாவது, உழைப்பு, உடைமை, வர்க்கம் ஆகியவற்றைக் கொண்டு சமூகத்தை விளக்கும் மார்க்ஸிய ஆய்வுமுறை. இரண்டாவது, சோசலிசம் என்ற அரசியல் இலக்கு. மூன்றாவது, அந்தப் பெயரைச் சுமக்கும் கட்சிகளும் அவற்றின் நடத்தையும். நான்காவது, அத்தகைய கட்சிகள் ஆண்ட அரசுகள். ஒன்றின் மீதான குற்றச்சாட்டு மற்றையதைத் தானாகவே வீழ்த்திவிடாது. அதேநேரம் அவை ஒன்றோடொன்று தொடர்பற்றவையும் அல்ல. நேர்மையான விவாதம் தொடங்க வேண்டிய இடம், இந்த நான்கில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்ற கேள்வி.

1956உம் 1972உம்

1935இல் தொடங்கப்பட்ட லங்கா சமசமாஜக் கட்சியின் தலைவர்களுள் ஒருவர் கொல்வின் ஆர்.டி. சில்வா. 1948இல் மலையகத் தமிழரின் பிரஜாவுரிமையைப் பறித்த சட்டத்தை இடதுசாரிகள் எதிர்த்தார்கள். 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தபோது சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் அதற்கு எதிராக வாக்களித்தன. ஒரு மொழி என்றால் இரண்டு நாடு, இரண்டு மொழி என்றால் ஒரு நாடு என்ற பொருளில் கொல்வின் அன்று விடுத்த எச்சரிக்கையைத் தமிழர்கள் இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

அதே கொல்வின்தான் 1972ஆம் ஆண்டுக் குடியரசு அரசியலமைப்பை வடிவமைத்த அமைச்சர். பௌத்தத்துக்கு முதன்மை இடத்தையும் சிங்களத்துக்கு அரசகரும மொழி என்ற அரசியலமைப்புத் தகுதியையும் அது வழங்கியது. சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவில் சிறுபான்மையினருக்கு இருந்த பாதுகாப்பும் அதோடு இல்லாமற் போனது.

இடைப்பட்ட 16 ஆண்டுகளில் மார்க்ஸின் நூல்கள் மாறவில்லை. மாறியது கட்சியின் நிலை. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் மலையகத் தொழிலாளர் வாக்குரிமையை இழந்தார்கள். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் பல தொகுதிகளில் இடதுசாரிகளுக்குப் பலமாக இருந்த வாக்குகள் அவை. எஞ்சிய வாக்காளரில் பெரும்பான்மையினர் சிங்களவர். 1964இல் சமசமாஜக் கட்சி சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அமைச்சரவையில் சேர்ந்தது. 1966 ஜனவரியில், தமிழ் மொழிப் பயன்பாட்டுக்கான ஒழுங்குவிதிகளை எதிர்த்துக் கொழும்பில் நடந்த ஆர்ப்பாட்டத்தில் சுதந்திரக் கட்சியோடு இடதுசாரிக் கட்சிகளும் நின்றன. 1972 திடீரென்று வந்ததல்ல.

இதை இரண்டு விதமாக வாசிக்கலாம். கட்சி மார்க்ஸியத்தைக் கைவிட்டதால்தான் அது நடந்தது என்பது ஒரு வாசிப்பு. இன முரண்பாட்டை எப்போதும் இரண்டாம் பட்சமாகக் கருதும் பழக்கம் அந்தத் தத்துவத்திலேயே இருந்ததால்தான் அவ்வளவு இலகுவாகச் சமரசம் செய்ய முடிந்தது என்பது மற்றையது. இரண்டுக்கும் சான்றுகள் உண்டு. இரண்டையும் மதிப்போடு விவாதிக்கலாம். செய்யக்கூடாதது ஒன்றுதான்: 1956இன் பெருமையை மார்க்ஸியத்தின் கணக்கில் எழுதிவிட்டு, 1972ஐ மட்டும் தனிநபரின் தவறு என்று தள்ளுவது. அதேபோல, 1972ஐ மார்க்ஸியத்தின் இயல்பு என்று சொல்பவர், 1956ஐக் கொல்வினின் தனிப்பட்ட நல்ல குணம் என்று ஒதுக்கவும் முடியாது. கணக்கேடு ஒன்றுதான். வரவும் செலவும் அதில்தான் எழுதப்பட வேண்டும்.

யாழ்ப்பாணத்தின் சிவப்பு

இடதுசாரி அரசியல் தெற்கிலிருந்து வந்த சரக்கு என்று சொல்வோர் தவறவிடும் பக்கம் ஒன்று உண்டு. சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இலேயே நிறைவேறிவிட்டது. ஆனாலும் யாழ்ப்பாணத்தின் தேநீர்க் கடைகளிலும் கோயில்களிலும் தீண்டாமை தொடர்ந்தது. 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி நடந்த ஊர்வலத்தையும், அதன் பின் உருவான தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கத்தையும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நடந்த போராட்டத்தையும் முன்னின்று நடத்தியவர்கள் நா. சண்முகதாசன் தலைமையிலான, சீனச் சார்புக் கம்யூனிஸ்ட்டுகள். கே. டானியலின் எழுத்தும் டொமினிக் ஜீவாவின் ‘மல்லிகை’யும் அந்தக் காலத்தின் இடதுசாரிச் சூழலிலிருந்து வளர்ந்தவை.

அந்தப் போராட்டத்தைத் தமிழ்த் தேசியக் கட்சிகள் தமது போராட்டமாக எடுக்கவில்லை. தமிழர் ஒற்றுமைக்கு இது நேரமில்லை என்ற வாதம் அன்று சாதிக் கேள்வியின் வாயை அடைத்தது. வர்க்க ஒற்றுமைக்கு இது நேரமில்லை என்ற வாதம் தெற்கில் இனக் கேள்வியின் வாயை அடைத்தது. இரண்டும் ஒரே பூட்டின் இரண்டு சாவிகள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஜே.வி.பி.யைத் தொடங்கிய ரோஹண விஜேவீர, அதற்கு முன் இருந்தது சண்முகதாசனின் கட்சியில். ஒரே கட்சிக்குள்ளிருந்து, யாழ்ப்பாணத்தில் சாதிக்கு எதிரான இயக்கமும் வந்தது. மலையகத் தமிழரை ‘இந்திய விஸ்தரிப்புவாதத்தின்’ கருவியாகப் பார்க்கக் கற்பித்த வகுப்புகளை நடத்தியவரும் வந்தார். ‘இடதுசாரி’ என்ற சொல் தனியே எதையும் விளக்காது என்பதற்கு இதைவிட உள்ளூர்ச் சான்று தேவையில்லை.

மார்க்ஸ் தன் கருத்தை மாற்றிய இடம்

ஜே.வி.பி.யின் பழைய கணக்கு சிறியதல்ல. 1987இல் இலங்கை - இந்திய ஒப்பந்தத்தை ஆயுதம் கொண்டு எதிர்த்தது. 2005இல் சுனாமிப் பொதுக்கட்டமைப்பை எதிர்த்து அரசாங்கத்திலிருந்து வெளியேறியது. 2006இல் வடக்கு - கிழக்கு இணைப்புக்கு எதிரான வழக்கின் பின்னால் நின்றது. இவற்றை நினைவூட்டுவது குரோதமல்ல. தமிழ் வாக்காளர் ஒருவர் கேட்க வேண்டிய கேள்வி.

ஆனால் ‘மார்க்ஸியர்கள் என்பதால்தான் அப்படி’ என்று முடிப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இங்கிலாந்தின் தொழிலாளர் வென்றால் அயர்லாந்து தானாக விடுதலை பெறும் என்று மார்க்ஸ் நீண்ட காலம் நம்பினார். 1869 டிசம்பரில் ஏங்கெல்ஸுக்கு எழுதிய கடிதத்தில் அந்தக் கருத்தைத் தலைகீழாக்கினார்: அயர்லாந்தை விட்டொழிக்காதவரை ஆங்கிலேயத் தொழிலாளர் வர்க்கத்தால் எதையும் சாதிக்க முடியாது என்ற முடிவுக்கு வந்தார். தேசங்களின் சுயநிர்ணய உரிமை பற்றி லெனின் 1914இல் எழுதினார். ரோசா லக்சம்பர்க் அவரோடு கடுமையாக முரண்பட்டார். ஆகவே தேசியப் பிரச்சினையில் மார்க்ஸியத்துக்கு ஒரே குரல் இருந்ததில்லை. ‘மார்க்ஸியம் வர்க்கத்தை மட்டுமே பார்க்கும்’ என்று சொல்லும் கட்சி ஆதரவாளர், முதலில் அயர்லாந்து பற்றிய மார்க்ஸுக்குப் பதில் சொல்ல வேண்டும். ‘மார்க்ஸியம் என்றாலே தேசிய மறுப்பு’ என்று சொல்லும் எதிர்ப்பாளரும்தான்.

எதிராளியின் பலமான வாதம்

நேர்மையான விவாதத்தின் இரண்டாவது படி, எதிராளியின் வாதத்தில் மிகப் பலவீனமானதை விட்டு, மிகப் பலமானதை எடுத்துக்கொள்வது. ‘உழைப்புத்தான் பெறுமதியைத் தருகிறது என்றால், நாள் முழுக்கக் குழி தோண்டி மூடுபவனுக்கும் சம்பளமா?’ என்ற கேலி அடிக்கடி வரும். பயனற்ற பொருளில் செலவான உழைப்பு பெறுமதியை உருவாக்காது என்று 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ நூலின் முதல் அத்தியாயத்திலேயே மார்க்ஸ் சொல்லிவிடுகிறார். கேட்க வேண்டிய கடினமான கேள்வி வேறு: சந்தை விலைகள் இல்லாமல் ஒரு நாடு எதை எவ்வளவு உற்பத்தி செய்வதென்று எப்படிக் கணக்கிடும் என்று மிசெஸ் 1920இல் கேட்டது. அதற்கு ஒஸ்கார் லாங்கே போன்ற சோசலிசப் பொருளியலாளர்கள் பதில் எழுதினார்கள். அந்த விவாதத்தில் இரு தரப்பும் மற்றவரைப் படித்திருந்தது.

நம் மண்ணிலேயே ஓர் உதாரணம் பார்க்கலாம். பெருந்தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021இல்தான் 1,000 ரூபாவானது. 2024இல் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. ஏன் இவ்வளவு குறைவு? மார்க்ஸியர் சொல்வார்: தொழிலாளரை லயத்தில் வைத்து, பிரஜாவுரிமையைப் பறித்து, வேறு வேலைக்குப் போகும் வழியை அடைத்ததால் உழைப்பு மலிவாகக் கிடைத்தது. சந்தைப் பொருளியலாளர் சொல்வார்: நாட்டின் தேயிலையில் பாதிக்கும் மேல் இன்று சிறு தோட்ட உரிமையாளரிடமிருந்து வருகிறது; பெருந்தோட்டங்களின் உற்பத்தித்திறன் குறைவு, உலகச் சந்தை விலை நம் கையில் இல்லை. தேசியவாதி சொல்வார்: அவர்கள் தமிழர்களாக இல்லாவிட்டால் இந்த நிலை நீடித்திருக்காது.

மூன்றிலும் உண்மை உண்டு. ஒவ்வொன்றுக்கும் சங்கடமான தகவலும் உண்டு. முதலாமவர் சிறு தோட்டங்களின் வளர்ச்சியை விளக்க வேண்டும். இரண்டாமவர் வாக்குரிமையற்ற தொழிலாளரிடம் பேரம் பேசும் பலம் எங்கிருந்தது என்று சொல்ல வேண்டும். மூன்றாமவர், வடக்குத் தமிழ்த் தலைமைகளில் ஒரு பகுதி 1949ஆம் ஆண்டு இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தை ஏன் ஆதரித்தது என்பதற்குப் பதில் தேட வேண்டும். தன் தரப்புக்குச் சங்கடமானதைத் தானே முதலில் சொல்பவரோடுதான் பேச்சு முன்னேறும்.

ஒரே அளவுகோல்

உலக நாடுகள் பற்றிய வாதத்துக்கும் இது பொருந்தும். ஸ்டாலினின் ஆட்சியில் 1937-38 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மட்டும் ஆறரை இலட்சத்துக்கும் அதிகமானோருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டதை சோவியத் ஆவணங்களே காட்டுகின்றன. ‘அது உண்மையான சோசலிசமல்ல’ என்ற ஒரு வரியால் அதைக் கடந்துவிட முடியாது. 1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தில் ஏறத்தாழ 30 இலட்சம் பேர் இறந்ததை ‘அது உண்மையான முதலாளித்துவமல்ல’ என்று கடப்பதும் அதே தந்திரம். ஒன்றைச் சொல்லி மற்றையதை மறைப்பதும் பதிலாகாது. 1957இல் கேரளத்தில் தேர்தல் மூலம் கம்யூனிஸ்ட்டுகள் ஆட்சிக்கு வந்தார்கள். 1959இல் அந்த ஆட்சியைக் கலைத்தது மத்திய அரசு. எல்லா இடதுசாரி ஆட்சியும் சர்வாதிகாரத்தில்தான் முடியும் என்பவர் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

சொற்களிலும் கவனம் வேண்டும். ‘குட்டி முதலாளித்துவம்’ என்பது தமிழில் ஒரு வசைச் சொல்லாகிவிட்டது. அதன் பொருளோ, சிறு உடைமையோடு தானும் உழைத்து வாழ்பவர் என்பது. சொந்தக் காணியில் வெங்காயம் வைக்கும் யாழ்ப்பாணத்து விவசாயியும் மூலைக்கடைக்காரரும் அதற்குள்தான் வருவார்கள். ‘இனவாதி’, ‘துரோகி’, ‘பிற்போக்குவாதி’ என்ற சொற்களும் அப்படித்தான். செயலைச் சுட்டினால் பதில் சொல்லலாம். ஆளுக்கு ஒட்டும் பெயருக்குப் பதில் கிடையாது.

நேர்மை என்பது கோபமின்மை அல்ல. போரில் பிள்ளையைப் பறிகொடுத்தவரும், 1987-89இல் ஜே.வி.பி.யாலோ அரசாலோ உறவை இழந்தவரும் சாந்தமாகப் பேச வேண்டும் என்று எவரும் கேட்க முடியாது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் கேள்வியை மாற்றிக்கொண்டே போவதுதான் நேர்மையீனம். அப்படிப்பட்டவரோடு மூன்றாவது பதிலுக்கு மேல் எழுதத் தேவையில்லை. ஆனால் அந்தப் பதில்களை மௌனமாக வாசிக்கும் பலருக்காக, முதல் பதிலை ஒழுங்காக எழுதுவது பயனுள்ளது.

இதெல்லாம் வெறும் வாசக ஒழுக்கம் அல்ல. இன்றைய அரசாங்கத்திடம் கேட்க வேண்டிய கேள்விகள் வரிசையில் நிற்கின்றன. 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவதாகக் கொடுத்த தேர்தல் வாக்குறுதி என்ன ஆனது? பதவிக்காலம் 2018இல் முடிந்த வடக்கு மாகாண சபைக்கு ஏன் இன்னும் தேர்தல் இல்லை? சர்வதேச நாணய நிதியத்துடன் முந்தைய அரசாங்கம் 2023இல் செய்த உடன்படிக்கையைத் தொடர்வதன் சுமை யார் தலையில் விழுகிறது? அரசாங்கம் மார்க்ஸியமா இல்லையா என்று முடிவாகும்வரை இவற்றை ஒத்திவைக்க வேண்டியதில்லை. மார்க்ஸியர் என்பதால் எதிர்க்கவும் வேண்டாம், மார்க்ஸியர் என்பதால் பொறுத்துக்கொள்ளவும் வேண்டாம். வாக்குறுதியின் திகதியையும் சட்டத்தின் பெயரையும் குறிப்பிட்டு, தெளிவாகக் கேட்டால் போதும்.