வயிறு விரிய விடாத எலும்பு

பனியன் கம்பெனி இடைவேளை டீ முடிவதற்குள் சொல்லிவிடலாம். மாடு, வவ்வால், எலி, நாம் எல்லோரும் நஞ்சுக்கொடி வழியாக ஊட்டிக் குட்டியை வயிற்றுக்குள்ளேயே நெடுநாள் வளர்க்கும் கூட்டம். கருப்பை கல்லாகி மிஞ்சுவதில்லை. அப்படியிருக்க, பழைய எலும்பை வைத்து இது நம் கூட்டமா என்று எப்படிச் சொல்கிறார்கள்?

முதலில் பல். கங்காரு வகையறாவுக்குத் தாடையில் பக்கத்துக்கு நான்கு பின்கடைவாய்ப் பற்கள். நம் கூட்டத்துக்குப் பெரும்பாலும் மூன்று. அடுத்து இடுப்பு. எனக்கு இதுதான் தீராத வியப்பு. மங்கோலியாவில் கிடைத்த ஏழு கோடி ஆண்டுக்கும் முந்தைய ஸலாம்ப்டாலெஸ்டெஸ் என்னும் விலங்குக்குப் பல் நம் பக்கம். இடுப்பிலோ, கங்காருவுக்கு இருப்பதுபோல, முன்வயிற்றுக்குள் நீட்டிய இரண்டு எலும்புகள். 1997இல் இந்த எலும்புகள் பற்றிய ஆய்வு வெளியானது. நெய்த துணி இழுத்தால் விடாது, பின்னிய துணி விடும் என்பது உங்களுக்கு நான் சொல்லியா தெரியவேண்டும்? அந்த எலும்புகள் இருந்தவரை வயிறு நெய்த துணி. குட்டியை முற்றும்வரை உள்ளே வைத்திருக்க முடிந்திருக்காது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. இன்றைய நஞ்சுக்கொடிப் பாலூட்டிகளில் அவை இல்லை.

இந்தப் பழங்கதைக்கு நம் நாட்டுச் சான்று ஐதராபாத்துக்கு மேற்கே நஸ்கல் கிராமத்தில் கிடைத்தது. தக்காண எரிமலைக் குழம்பு ஒருமுறை பாய்ந்து அடுத்தமுறை பாய்வதற்கு இடையில் அங்கே ஏரிகள் இருந்தன. அந்த வண்டலைக் கழுவிச் சலித்து, நுண்ணோக்கியில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பற்களைத் தேடி எடுத்தார்கள். சுமார் 6.6 கோடி ஆண்டுப் பழமை. டைனோசர்கள் உயிரோடிருந்த காலம். ஜி.வி.ஆர். பிரசாத்தும் அசோக் சாஹ்னியும் 1988இல் அறிவித்த அந்த விலங்குதான் டெக்கனோலெஸ்டெஸ். பிறகு கிடைத்த முழங்கை, கணுக்கால் எலும்புகள் அது மரமேறி என்று காட்டின. 2011இல் அஞ்சலி கோஸ்வாமி குழுவினர் குடும்ப மரத்தை வரைந்து பார்த்தபோது, அது நம் கூட்டத்துக்குச் சற்று வெளியே நின்றது. பாட்டன் இல்லை, பங்காளி.

அதன் நேர் வாரிசு இன்று எதுவும் இல்லை. ஆனால் மரமேறிப் பூச்சி தின்னும் சிற்றுடம்பு எப்படியிருக்கும் என்று பார்க்க ஏற்காடு போதும். அங்குள்ள மூங்கில் அணத்தான் என்னும் மர மூஞ்சூறு நஞ்சுக்கொடிப் பாலூட்டிதான். குரங்குக்கும் நமக்கும் நெருங்கிய சொந்தம்கூட. அணில் என்று நினைத்துக் கடந்துவிடாதீர்கள். மூக்கு கூர்ந்து நீண்டிருக்கும், முதுகில் வரி இருக்காது, தோளில் மட்டும் வெளிறிய கோடு ஒன்று தெரியும்.