வெளுத்தது கருமையன்று

காஞ்சிபுரம் மாவட்டத்து ஒரகடத்தில் உருவாகி 2015இல் சந்தைக்கு வந்த ரெனால்ட் க்விட் போன்ற பல கார்களில், சக்கர வளைவுகளைச் சுற்றிய பட்டைகளும் பம்பரின் கீழ்ப்பகுதியும் பெயிண்ட் பூசப்படாத கறுப்புப் பிளாஸ்டிக்கால் ஆனவை. கல்லும் சேறும் தெறிக்கும் இடங்களில் கீறல் எளிதில் தெரியாதிருக்கும் பொருட்டு அமைக்கப்படும் இத்தகைய பாகங்கள், எந்த நிறுவனத்து வண்டியாயினும், சில ஆண்டுகள் வெயிலில் நின்றபின் சாம்பல் பூத்துவிடுகின்றன.

இவற்றுக்குப் பெரும்பாலும் பயன்படுவது பாலிபுரோப்பிலீன் என்னும் பிளாஸ்டிக். சூரிய ஒளியில் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும் புறஊதாக் கதிர்கள் இதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை அறுக்க, அறுந்த முனைகளோடு காற்றின் ஆக்சிஜன் சேர்ந்து மேற்பரப்பை நொறுங்கச் செய்கிறது. ஏறத்தாழ 12.8 பாகை வடக்கில் அமைந்த காஞ்சிபுரத்தில், ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்டின் பின்பாதியிலுமாக ஆண்டுக்கு இருமுறை நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்பதால், காந்தி ரோட்டுப் பட்டுக் கடைகளின் முன் நாள்முழுதும் நிற்கும் வண்டிகளில் இம்மாற்றம் விரைவாகவே நிகழ்கிறது.

ஆயினும் வெளுத்த பட்டையின்மேல் தண்ணீர் ஊற்றினால் பழைய கருமை உடனே திரும்பி, காய்ந்ததும் மறைந்துவிடுகிறது. நெசவுக்கு நூல் தரும் சாயப்பட்டறைக்காரர்களுக்கு இது புதிதன்று. தொட்டியிலிருந்து எடுத்த ஈர நூற்சிட்டம் ஆழ்ந்த நிறமாகத் தோன்றினும், காய்ந்தபின்னரே உண்மை நிறம் தெரியும் என்பதை அவர்கள் அறிவார்கள். காற்று நிறைந்த நுண்ணிடைவெளிகளில் சிதறும் ஒளி நிறத்தை வெளிறச் செய்கிறது. நீர் அவ்விடைவெளிகளை நிரப்பும்போது சிதறல் குறைகிறது. எனவே பிளாஸ்டிக்கினுள் கலந்த கார்பன் கருமை, அதாவது புகைக்கரி போன்ற நுண்துகள், பெரும்பாலும் அங்கேயே இருக்கிறது, கெட்டது மேற்பரப்பே. வீட்டில் செய்யக்கூடிய சீரமைப்பு முழுவதும் அந்த நுண்விரிசல்களை எதனால், எவ்வளவு காலத்துக்கு நிரப்புவது என்னும் ஒரே கேள்வியில் அடங்கும்.

தேங்காய் எண்ணெய் நிரப்புகிறது, ஆனால் தூசியை ஈர்த்து ஓரிரு கழுவலில் போய்விடுகிறது. மண்ணெண்ணெய் பிளாஸ்டிக்குக்குள் ஊறி அதை உப்பச்செய்யக்கூடியது என்பதால் அதைத் தவிர்ப்பதே நன்று. டிரிம் எனப்படும் இப்பட்டைகளுக்கான, சிலிக்கோன் கலந்த பாலிஷ்கள் சில வாரங்கள் தாங்கும். ஹீட் கன் கொண்டு மேற்பரப்பை இளக்கும் முறை உடனே கருமை தருவதாயினும், பாலிபுரோப்பிலீன் ஏறத்தாழ 160 பாகை செல்சியஸில் உருகிவிடுவதால், கை சற்றுத் தாமதித்தாலே பட்டை நெளிந்துவிடும்; பழகாதவருக்கு இது ஏற்றதன்று. பூசியபின் இறுகிப் படலமாகும் டிரிம் கோட்டிங்கே நீடித்த பலன் தருவது.

அதன் வெற்றி பூசுவதைவிடத் துப்புரவிலேயே தங்கியுள்ளது. கார் ஷாம்பு நீரும் மென்மையான பிரஷ்ஷும் கொண்டு சொரசொரப்பின் பள்ளங்கள்வரை தேய்த்துக் கழுவி, நன்றாக உலர்ந்தபின் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் எண்ணெய்ப்பசையை நீக்க வேண்டும். பாடியில் தேய்த்த மெழுகு பள்ளங்களில் வெள்ளையாகத் தங்கியிருப்பதையே வெளுப்பென்று பலர் கருதிவிடுவதுண்டு. அத்தகைய பட்டை கழுவிய அளவிலேயே சரியாகிவிடும். பின்னர் அருகிலுள்ள பெயிண்டின் விளிம்பில் மாஸ்கிங் டேப் ஒட்டி, வெயில் படாத இடத்தில், உலோகம் தொட்டால் குளிர்ந்திருக்கும் நேரத்தில், கோட்டிங்கை மெல்லியதாகத் தடவி, மிகுதியை மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து, டப்பாவில் குறித்துள்ள நேரம்வரை நீர் படாமல் காக்க வேண்டும்.

சாயமேற்றிய பட்டு நூலை நிழலில் உலர்த்தும் வழக்கம் வண்டிக்கும் பொருந்தும். எப்போதும் ஒரே முகமாக நிறுத்தப்படும் காரில் மேற்கு வெயில் படும் பக்கம் முந்தி வெளுத்திருக்கும் என்பதால், நிழல் கிடைக்காதவர்கள் சில நாளுக்கு ஒருமுறை வண்டியைத் திருப்பி நிறுத்துவது நல்லது.