உஷார்! முட்டி வலி சட்டென்று நின்றுவிட்டதா? அங்கேதான் ஆபத்து!

மாடிப்படி இறங்கும்போது முட்டியில் சுருக்கென்கிறதா? தரையில் உட்கார்ந்தால், எழுந்திருக்கச் சுவரைத் தேடுகிறீர்களா? காலையில் எழுந்ததும் முதல் பத்து அடி மட்டும் கால் மடங்க மறுத்து, அப்புறம் தானாகச் சரியாகிவிடுகிறதா?

"வயசானா அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். அதைவிட முக்கியம், தெருமுனை மெடிக்கலில் போய் நின்று, "முட்டி வலிக்கு ஏதாவது குடுப்பா" என்று கை நீட்டாதீர்கள். தயவுசெய்து நீட்டாதீர்கள்!

ஏன் இப்படிப் பதறுகிறேன் என்றால், ஒரு குடும்பத்தில் நடந்தது அப்படி. பேரும் ஊரும் வேண்டாம்.

ஐம்பத்தைந்து வயது அம்மா. வீட்டு வாசலிலேயே இட்லிக் கடை. விடியற்காலை எழுந்து மாவுக் குண்டானைத் தூக்குவதில் தொடங்கி, ராத்திரி பாத்திரம் கழுவிக் கவிழ்ப்பது வரைக்கும் குத்துக்காலிட்டு உட்காருவதும் எழுவதுமாகவே பொழுது போகும். வலது முட்டியில் வலி. முதலில் தைலம் தடவினார். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார். கேட்கவில்லை. மகன் மெடிக்கலில் 'செட்' வாங்கி வந்தான்.

செட் மாத்திரை உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஒரு சின்னக் காகிதக் கவர். உள்ளே பெரிய வெள்ளை மாத்திரை ஒன்று, கேப்ஸ்யூல் ஒன்று, கூடவே பொடிசாக ஒரு மாத்திரை. அட்டையிலிருந்து கத்தரிக்கோலால் நறுக்கியிருப்பார்கள். நறுக்கிய துண்டில் மருந்தின் பேர் முழுசாக இருக்காது. எத்தனை மில்லிகிராம் என்பதும் இருக்காது. கவர் மேலே பேனாவில் காலை, இரவு என்று இரண்டு கோடு. அவ்வளவுதான் மருந்துச் சீட்டு.

இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது. "கைராசிக்காரப் பையன்" என்று கடைக்காரருக்கு நல்ல பேர். ஆனால் செட் போடாத அன்றைக்கு வலி இரண்டு பங்காக வரும். அதனால் விடாமல் போட்டார். இடையில் யாரோ ஒரு மூலிகைப் பொடியும் கொடுத்தார்கள். "நாட்டு மருந்துதான், பக்கவிளைவே கிடையாது." அதுவும் நன்றாகக் கேட்டது. முகம் உருண்டையானது. பார்த்தவர்கள் எல்லாரும் "உடம்பு தேறிட்டீங்கக்கா" என்றார்கள். யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஒருநாள் மலம் கன்னங்கரேலென்று போனது. மறுநாளும் அப்படியே. வெளியில் சொல்லக் கூச்சப்பட்டு இருந்துவிட்டார். மூன்றாம் நாள் அடுப்படியிலேயே மயங்கி விழுந்தார். வயிற்றுப் புண்ணிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. சிறுநீரகம் பாதி சோர்ந்திருந்தது. சர்க்கரை ஏகத்துக்கு ஏறியிருந்தது. ரத்தம் ஏற்றி, எண்டோஸ்கோப்பி செய்து, உயிரைக் காப்பாற்றினார்கள்.

முட்டி? எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் உள்பக்கம் இடைவெளியே இல்லை. எலும்போடு எலும்பு உட்கார்ந்திருந்தது.

வலி நின்றிருந்தது. தேய்மானம் நிற்கவே இல்லை!

இது எப்படி என்று புரிய, முட்டிக்குள் இருப்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். படித்து முடிக்கும் வரை பொறுங்கள், உங்களுக்காகத்தான் சொல்கிறேன்.

தொடை எலும்பின் அடி நுனி, கீழ்க்கால் எலும்பின் தலை, முட்டிச் சில்லின் பின்புறம், மூன்றின் மேலும் வழுவழுவென்று ஒரு வெண்படலம் ஒட்டியிருக்கிறது. அதுதான் குருத்தெலும்பு. பெரும்பாலான மூட்டுகளில் இதன் கனம் 2 முதல் 4 மில்லிமீட்டர். முட்டிச் சில்லின் பின்னால்தான் உடம்பிலேயே அதிகக் கனம். நாம் குனிந்து நிமிர்ந்து, குடம் தூக்கி, பிள்ளையை இடுப்பில் வைத்து நடக்கிற அத்தனை பாரமும் அந்தச் சில மில்லிமீட்டர் மேல்தான்.

அதில் 65 முதல் 80 சதவீதம் வெறும் தண்ணீர். அந்தத் தண்ணீரைப் பிடித்து வைப்பது அக்ரிகான் என்கிற பெரிய மூலக்கூறு. அது தண்ணீரை இழுத்து இழுத்து உப்பப் பார்க்கும். உப்ப விடாமல் கொலாஜன் நார்கள் வலை பின்னிக் கட்டிப் போட்டிருக்கும். மேல் பரப்பில் அந்த நார்கள் படுக்கை வசமாக ஓடும், உரசலைத் தாங்குவதற்காக. ஆழத்தில் எலும்பை நோக்கிச் செங்குத்தாக இறங்கும், பிடிமானத்துக்காக. இந்த இழுபறியில்தான் குருத்தெலும்புக்கு அதன் விறைப்பே கிடைக்கிறது. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச் போல, கால் ஊன்றும்போது நீர் பிதுங்கி வெளியே வரும், காலைத் தூக்கும்போது உள்ளே உறிஞ்சிக்கொள்ளும்.

இப்போது கவனியுங்கள்.

குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கிற கொஞ்சூண்டு திரவத்திலிருந்து, அந்தப் பிதுங்கலிலும் உறிஞ்சலிலும்தான் அதற்குச் சாப்பாடு. உயிருள்ள செல்களோ மொத்தத்தில் சுமார் 2 சதவீத இடத்தில்தான் இருக்கின்றன. தோலில் அடிபட்டால் ரத்தம் ஓடி வந்து ஆற்றுகிறது. இங்கே ஓடி வர எதுவும் இல்லை.

அதற்கு நரம்பும் கிடையாது!

கிழிந்தாலும் தெரியாது. தேய்ந்தாலும் தெரியாது. முட்டி வலி என்று நீங்கள் உணர்வது அடியில் இருக்கிற எலும்பிலிருந்தும், மூட்டைச் சுற்றியிருக்கிற உறையிலிருந்தும், தசைநார்களிலிருந்தும் வருவது. அதனால் முதல் வலி வருகிற அன்றைக்குத்தான் தேய்மானம் தொடங்கியது என்று நினைக்காதீர்கள். அதற்கு எத்தனையோ வருடம் முன்பே தொடங்கியிருக்கலாம்.

அந்தத் தொடக்கம் சத்தமே இல்லாமல் நடக்கிறது. முதலில் மேல்பரப்பு நார்கள் சிலிர்த்துப் பிரிகின்றன. வலை தளர்ந்ததும் தண்ணீர் அதிகமாக உள்ளே புகுந்து குருத்தெலும்பு மெத்தென்று ஆகிறது. நம் செல்களே சுரக்கிற என்சைம்கள் அக்ரிகானை வெட்டித் தள்ளுகின்றன, பிறகு கொலாஜனையும் வெட்டுகின்றன. மிச்சமிருக்கிற செல்கள் கூட்டம் கூடி ஒட்டுப் போடப் பார்க்கும், முடியாது. வெடிப்பு ஆழமாகும். துணுக்குகள் பிய்ந்து திரவத்தில் மிதக்கும். அது உள் உறையை உறுத்த, உறை வீங்கும், நீர் சுரக்கும். "முட்டியில தண்ணி கோத்திருக்கு" என்கிறோமே, அது பல நேரம் இதுதான். அந்த வீக்கத்திலிருந்து வருகிற ரசாயனங்கள் செல்களை மறுபடி தூண்ட, இன்னும் என்சைம், இன்னும் தேய்மானம். அடியில் இருக்கிற எலும்பு இறுகிப்போகும். ஓரங்களில் எலும்பு முளைவிடும். கடைசியில் குருத்தெலும்பு அறவே போய், எலும்பு மீது எலும்பு உரசி மெருகேறிவிடும்.

போனது திரும்பாது. லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வில்லியம் ஹன்டர் என்ற மருத்துவர் 1743-லேயே இதை எழுதிவிட்டார். தேய்ந்த குருத்தெலும்பைப் பழையபடி வளர வைக்கிற மாத்திரை என்று நிரூபணமான ஒன்று இன்றைக்கும் இல்லை. "ஜவ்வு மறுபடி வளரும்" என்று டிவியில் அடித்துச் சொல்கிறார்களே, அந்த நம்பருக்கு போன் போடாதீர்கள். குளுக்கோசமைன், காண்ட்ராய்டின் மாத்திரைகளை அமெரிக்காவில் 1,500-க்கும் மேற்பட்ட முட்டி வலிக்காரர்களிடம் சோதித்து 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். மொத்தத்தில் வெற்று மாத்திரையைவிட வலியைப் பெரிதாகக் குறைக்கவில்லை.

செட் மாத்திரைக்கு வருவோம். பெரும்பாலும் அதில் ஒன்று வலி மாத்திரை, அந்தப் பொடிசு ஸ்டீராய்டு. வலி மாத்திரையை டாக்டர் அளவு பார்த்து, சில நாளைக்கு என்று கொடுப்பது வேறு. நீங்களாகவே மாதக்கணக்கில் போட்டால் இரைப்பையில் புண் வரும், சிறுநீரகம் கெடும், பிரஷர் ஏறும். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், எலும்பை மெலிய வைக்கும், முகத்தை உப்ப வைக்கும். அதைத்தான் 'உடம்பு தேறியது' என்றார்கள்! மூட்டு வலிக்கென்று விற்கிற பேர் தெரியாத பொடிகளிலும் லேகியங்களிலும் ஸ்டீராய்டு கலந்திருப்பது சோதனைகளில் திரும்பத் திரும்பப் பிடிபட்டிருக்கிறது. இரண்டே நாளில் மாயமாகக் கேட்கிற பொடி என்றால் சந்தேகப்படுங்கள்.

ஒன்று முக்கியம். இதைப் படித்துவிட்டு, பல மாதமாகச் சாப்பிடுகிற செட்டையோ பொடியையோ இன்றைக்கே தூக்கி எறியாதீர்கள். உள்ளே ஸ்டீராய்டு இருந்து திடீரென்று நிறுத்தினால் பிரஷர் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டி, அவர் சொல்கிறபடி படிப்படியாகக் குறையுங்கள்.

ஊசி விஷயத்திலும் உஷார். வீங்கிய முட்டிக்கு டாக்டர் பார்த்து ஒரு ஸ்டீராய்டு ஊசி போடுவது உண்டு, தப்பில்லை. ஆனால் மூன்று மாதத்துக்கு ஒன்று என்று தொடர்ந்து போட்டுக்கொள்வதா? 2017-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில் இப்படி இரண்டு வருடம் போட்டுப் பார்த்தார்கள். வெறும் உப்புநீர் ஊசி போட்டவர்களைவிட ஸ்டீராய்டு போட்டவர்களுக்குக் குருத்தெலும்பு கூடுதலாகக் கரைந்திருந்தது. வலியில் வித்தியாசம் இல்லை.

இதையெல்லாம் கேட்டு பயந்துபோய்க் கட்டிலோடு கிடக்கிறவர்களும் இருக்கிறார்கள். அதுவும் கேடு! அசைவுதான் குருத்தெலும்புக்குச் சாப்பாடு என்று மேலே சொன்னேனே. நடக்காத முட்டி பட்டினி கிடக்கிற முட்டி. தொடைத் தசை வற்றினால் பாரம் இன்னும் மூட்டிலேயே விழும். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும் வரை வைத்து, மெதுவாக இறக்குங்கள். டிவி பார்த்துக்கொண்டே செய்யலாம். சமதரையில் நடங்கள். குத்துக்காலிட்டு வெகுநேரம் உட்காருவதைக் குறையுங்கள். காய் நறுக்க, மாவு அள்ள ஒரு உயரமான முக்காலி போதும். எடை கூடுதலாக இருந்தால் குறையுங்கள். ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடிக்கும் முட்டியில் ஏறுகிற பாரம் சுமார் நாலு கிலோ குறைகிறது. அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஊரில் பெண்களை வருடக்கணக்கில் கவனித்ததில், பத்து வருடத்தில் ஐந்து கிலோ அளவுக்குக் குறைத்தவர்களுக்கு வலியோடு கூடிய முட்டித் தேய்மானம் வரும் வாய்ப்பு பாதிக்கு மேல் குறைந்திருந்தது. ஐந்தே கிலோ!

"எனக்கு நாற்பதுதானே ஆகுது" என்று தப்பிக்காதீர்கள். உலகம் முழுக்க 2019-ல் சுமார் 52.8 கோடிப் பேருக்கு மூட்டுத் தேய்மானம் இருந்தது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் 60 சதவீதம் பெண்கள். மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்குத் தேய்மானத்தின் வேகம் கூடுகிறது. கபடியிலோ வண்டியிலிருந்து விழுந்தோ முட்டி ஜவ்வு கிழிந்த பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், அதை 'சுளுக்கு' என்று எண்ணெய் போட்டு நீவி விட்டுவிடாதீர்கள். பத்துப் பதினைந்து வருடத்தில், முப்பது முப்பத்தைந்து வயதிலேயே தேய்மானத்தில் கொண்டுபோய் விடலாம்.

எப்போது எலும்பு டாக்டரிடம் போவது? படி இறங்குவது ஏறுவதைவிடக் கஷ்டமாக இருந்து, அது வாரக்கணக்கில் நீடித்தால் போங்கள். முட்டி வீங்கி வீங்கி வடிந்தால் போங்கள். நடக்கும்போது கால் திடீரென்று நழுவினால், அல்லது பாதி மடக்கிய நிலையில் பூட்டிக்கொண்டால் தள்ளிப்போடாதீர்கள். பாதங்களைச் சேர்த்து நிற்கும்போது இரண்டு முட்டிக்கும் நடுவே இடைவெளி வருடத்துக்கு வருடம் அகலமானால், கால் வளைய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். "முட்டியில சடக் சடக்னு சத்தம் கேக்குது" என்று பலர் பயப்படுகிறார்கள். வலியோ வீக்கமோ இல்லாத வெறும் சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம்.

காலை விறைப்பு அரை மணிக்குள் விட்டால் பெரும்பாலும் தேய்மானம். ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்து, கை விரல் மூட்டுகளும் சேர்ந்து வீங்கினால் அது முடக்குவாதமாக இருக்கலாம். அதற்கு மருந்தே வேறு, சீக்கிரம் தொடங்காவிட்டால் மூட்டுகள் கோணிப்போகும்.

தூக்கத்திலிருந்து எழுப்புகிற வலி, கூடவே காரணமில்லாமல் உடம்பு இளைப்பது... உடனே காட்டுங்கள். ஒரு கால் கெண்டைச் சதை மட்டும் வீங்கி வலித்தால் அது ரத்தம் உறைந்ததாகவும் இருக்கலாம். நீவாதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வலி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மலம் கறுத்துப் போனால் கூச்சம் பார்க்காதீர்கள், வீட்டில் சொல்லுங்கள், அந்த நேரமே கிளம்புங்கள்.

எல்லாவற்றையும்விட அவசரமானது ஒன்று. ஒரே முட்டி திடீரென்று சிவந்து, தொட்டால் சுட்டு, காலை அசைக்கவே முடியாமல், காய்ச்சலும் வந்தால் மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம். அது சில நாளிலேயே குருத்தெலும்பைத் தின்றுவிடும், ரத்தத்தில் கலந்தால் உயிரையும் எடுக்கும். ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களுக்கும் வயசானவர்களுக்கும் காய்ச்சல் அடிக்காமலேகூட இப்படி ஆகலாம். தைலம் தேடாதீர்கள். ஒத்தடம் வேண்டாம். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், ராத்திரி பதினொரு மணியானாலும் வண்டி பிடித்துப் போங்கள்.