கம்பி கழற்றிய பின்: ரிடெய்னர் அணிதலும் பராமரித்தலும்

பல் சீரமைப்புக்காக அணிந்த கம்பி கழற்றப்படும் நாளில் சிகிச்சை முடிந்துவிட்டதாகவே பெரும்பாலான குடும்பங்கள் எண்ணுகின்றன. திருக்கடையூரிலிருந்து மயிலாடுதுறைக்கோ, சீர்காழி வழியாகச் சிதம்பரத்துக்கோ மாதந்தோறும் பேருந்தேறிச் சென்ற அலுப்பும், அறுவடைப் பணத்தில் ஒதுக்கிவைத்துக் கட்டிய தவணைகளும் அன்றோடு தீர்ந்தன என்னும் நிம்மதி இயல்பானதே. ஆனால் அன்று முடிவது பல்லை நகர்த்தும் பணி மட்டுமே. நகர்ந்த பல்லை அங்கேயே நிலைநிறுத்தும் பணி அன்றுதான் தொடங்குகிறது. அதற்கான கருவி ரிடெய்னர்.

பல் எலும்போடு நேரடியாக ஒட்டியிருப்பதில்லை. வேருக்கும் தாடை எலும்புக்கும் இடையே நுண்ணிய நார்கள் உள்ளன. ஈறுக்குள்ளும் பல்லின் கழுத்தைச் சுற்றி நார்கள் பின்னியுள்ளன. கம்பியின் அழுத்தத்தால் பல் நகரும்போது ஒருபுறம் எலும்பு கரைந்து மறுபுறம் புதிதாக உருவாகிறது. நார்களோ இழுபட்ட நிலையில் நிற்கின்றன. வேரைச் சுற்றியுள்ளவை புதிய இடத்துக்கேற்ப ஒழுங்குபெற ஏறத்தாழ 3 முதல் 4 மாதங்கள் ஆகும். ஈறிலுள்ள மீள்தன்மை கொண்ட நார்களுக்கு ஓராண்டும் போதாமல் போகலாம். திருகியிருந்து நேராக்கப்பட்ட பற்களை இவை பழைய திசைக்கே இழுக்கும் என்பதை நார்வே ஆய்வாளர் ரைட்டன் 1959இல் விளக்கிக் காட்டினார். நடவு முடிந்த வயலில் நாற்று நிமிர்ந்து நின்றாலும் அது வேர்பிடித்துவிட்டதென்று எந்த விவசாயியும் எண்ணுவதில்லை. பல்லின் நிலையும் அதுதான்.

நார்கள் அடங்கிய பிறகும் முழுப் பாதுகாப்பு கிடைத்துவிடுவதில்லை. வயது ஏற ஏறக் கீழ்த்தாடையின் முன்பற்கள் நெருக்கமடைவது, கம்பியே அணியாதவர்களிடமும் காணப்படும் மாற்றம். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் லிட்டில் என்பவரும் உடன் பணியாற்றியோரும், கடைவாய்க்கு முன்னுள்ள பற்களை எடுத்துச் சிகிச்சை பெற்ற 65 பேரைப் பல ஆண்டுகள் கழித்து ஆராய்ந்து 1981இல் முடிவுகளை வெளியிட்டனர். ரிடெய்னரை நிறுத்திய பின், ஏறத்தாழ மூன்றில் இருவருக்குக் கீழ் முன்பற்களின் வரிசை திருப்திகரமாக இல்லை. ஞானப்பல் முளைத்துத் தள்ளுவதே காரணம் என்று பலர் நம்புகின்றனர். ஆய்வுகள் அதனை உறுதிசெய்யவில்லை. அதற்காக மட்டும் ஞானப்பல்லைப் பிடுங்கிக்கொள்ளத் தேவையில்லை.

ரிடெய்னர் பெரும்பாலும் மூன்று வகைப்படும். அண்ணத்தில் பொருந்தும் தகடும் முன்பற்களைத் தழுவும் கம்பியும் கொண்டது ஹாலி ரிடெய்னர்; நூறாண்டுக்கும் மேலாகப் பயன்பாட்டில் உள்ளது. கண்ணாடி போன்ற மெல்லிய நெகிழி உறை இரண்டாவது வகை. பற்களின் உட்புறம் ஒட்டப்படும் மெல்லிய கம்பி மூன்றாவது. இதனை நாமே கழற்ற இயலாது.

எத்தனை மணி நேரம் அணிய வேண்டும் என்பது பல்லின் பழைய நிலையையும் ரிடெய்னரின் வகையையும் பொறுத்தது. முதல் சில மாதங்கள் உணவு, பல்துலக்கும் நேரம் நீங்கலாக நாள் முழுவதும், பின்னர் இரவில் மட்டும் என்பது வழக்கமான முறை. சிலருக்குத் தொடக்கத்திலிருந்தே இரவில் அணிந்தால் போதும் என மருத்துவர் கூறலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சொன்னதைத் தம் பிள்ளைக்கும் பொருத்திக்கொள்ள வேண்டா. "எத்தனை ஆண்டுகள்?" என்பதற்கு நேர்மையான விடை, பல் நேராக இருக்க வேண்டும் என்று விரும்பும் காலம் வரை இரவில் அணிவது நல்லது என்பதே.

ரிடெய்னர்கள் உடைவதைவிடத் தொலைவதே மிகுதி எனலாம். அறுபதாம் கல்யாணமும் எண்பதாம் கல்யாணமும் ஓயாது நடைபெறும் இவ்வூரில் பந்திக்குக் குறைவில்லை. சாப்பிடும்முன் கழற்றிய ரிடெய்னரைக் காகிதத்தில் சுற்றி இலையோரம் வைத்தால், இலையை மடித்து எடுத்ததும் அதுவும் போய்விடும். பிறகு குப்பையில் தேடுவது வீண். வாயிலிருந்து எடுத்தால் பெட்டிக்குள், பெட்டியிலிருந்து எடுத்தால் வாய்க்குள் என்பதே பழக்கமாக வேண்டும். சட்டைப்பையும் தலையணை அடியும் அதற்கு இடமல்ல. ஆற்றிலோ பூம்புகார்க் கடலிலோ குளிக்கும்போதும் கழற்றிவிடுக. வீட்டில் நாய் இருந்தால் கூடுதல் கவனம் தேவை. எச்சில் மணத்தால் ஈர்க்கப்பட்டு அது கடித்துக் குதறிவிடும்.

சுத்தம் செய்வதில் நல்லெண்ணத்தோடு நேரும் தவறு வெந்நீர். பால்புட்டியைக் கொதிநீரில் இடும் பழக்கத்தில், பாட்டிமார் ரிடெய்னரையும் அவ்வாறே செய்துவிடுகின்றனர். நெகிழி உறை வளைந்து, மறுபடி பல்லில் ஏறாது. வெயில்படும் திண்ணையிலும் அடுப்பருகிலும் வைப்பதும் அத்தகையதே. குளிர்ந்த நீரும், மென்மையான பிரஷும், ஒரு சொட்டுச் சோப்புத் திரவமும் போதும். பற்பசை நெகிழி உறையில் கீறல் உண்டாக்கும். கீறலில் அழுக்கும் வாடையும் தங்கும். வாரம் ஓரிரு முறை, பல்செட் சுத்தம் செய்யும் மாத்திரை கரைத்த நீரில் ஊறவைத்துக் கழுவலாம். வெண்படிவு இறுகியிருந்தால் ஊசியால் சுரண்டாமல் மருத்துவமனைக்குக் கொண்டுவருக. நெகிழி உறையை அணிந்துகொண்டு காப்பி அருந்த வேண்டா: சூடு உறையைக் கெடுக்கும், சர்க்கரை உள்ளே தேங்கிப் பல்லைச் சொத்தையாக்கும். சாம்பாரின் மஞ்சளும் வெற்றிலைச் சிவப்பும் பின்னர் போகா.

ஒட்டப்பட்ட கம்பி உள்ளோர் பொங்கல் கரும்பை முன்பல்லால் கடித்துரிக்க வேண்டா. சிறு துண்டுகளாக நறுக்கிக் கடைவாயில் மெல்லலாம். முறுக்குக்கும் இதுவே முறை. கம்பியின் ஓரிடத்தில் பசை விட்டுப்போனாலும் வலி இராது. ஆகவே பலர் அறிவதில்லை. அந்தப் பல் மட்டும் மெல்ல விலகும். நாக்கால் தடவும்போது கம்பி ஆடினாலோ நெருடினாலோ காத்திராமல் வருக. பற்களுக்கிடையே நுழையும் சிறு பிரஷால் நாள்தோறும் தூய்மை செய்யாவிடில் அங்கே காரை படிந்து ஈறு வீங்கும்.

கழற்றும்போது இருபுறக் கடைவாயிலும் விரல் வைத்துச் சமமாக இறக்குக. அணியும்போது விரலால் அழுத்துக, கடித்து ஏற்றாதீர். சில நாள் விட்டுப்போய் மீண்டும் அணிகையில் இறுக்கமாக இருந்தால், பல் நகரத் தொடங்கிவிட்டது என்று பொருள். முழுமையாகப் பொருந்துமாயின் மருத்துவரிடம் கேட்டு அணியும் நேரத்தைக் கூட்டலாம். பொருந்தாவிடில் வலிந்து திணிக்கலாகாது. விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர்கள் இதனை அடுத்த விடுமுறை வரை தள்ளிப்போடுவது வழக்கமாக உள்ளது. அதற்குள் பல சமயம் புதிய ரிடெய்னரால் ஈடுசெய்யும் நிலை கடந்துவிடுகிறது.

தொலைந்தாலும் உடைந்தாலும் ஓரிரு நாட்களுக்குள் மருத்துவரைத் தொடர்புகொள்க. உடைந்த துண்டுகளோடு அணிந்து உறங்க வேண்டா, தொண்டைக்குள் போகக்கூடும். துண்டுகளைப் பெட்டியிலிட்டுக் கொண்டுவருக. சிகிச்சை முடிவில் எடுத்த பல் மாதிரி அச்சு உங்களிடம் தரப்பட்டிருந்தால் அதனையும் எடுத்துவருக. பற்கள் இன்னும் நகராமலிருந்தால் அதே அச்சின் மீது புதிய உறை செய்துகொள்ளலாம்.