பனியில்லா ஆற்றுப்படுகையில் நீர்ச்சேமிப்பு: ஐயங்கார்குளம் நடவாவி

கங்கை, யமுனை முதலிய இமய ஆறுகளின் கோடை நீருக்கு மலைப்பனியே சேமக்கலம். பாலாற்றுக்கு அவ்வாய்ப்பில்லை. அது தோன்றும் நந்திமலை ஏறத்தாழ 1,478 மீட்டர் உயரமே உடையது. அங்குப் பனி படிந்து தங்குவதில்லை. பருவமழை நீரைத் தேக்காவிடில் அது விரைவில் கடலை அடைந்துவிடும். எனவே பனி ஆற்றும் பணியை இங்குக் குளமும் கிணறும் மணலும் ஏற்கவேண்டியதாயிற்று.

காஞ்சிபுரத்தை அடுத்த ஐயங்கார்குளத்தில் இம்மூன்றையும் ஒருசேரக் காணலாம். விசயநகரக் காலத்து இலட்சுமிகுமார தாதாச்சாரியாரோடு தொடர்புடைய சஞ்சீவிராயர் கோயிலும் பெருங்குளமும் இங்குள்ளன. அருகிலுள்ள நடவாவி, படிவழியே நிலத்தடிக்கு இறங்கி அடையும் கிணறு; அதனைச் சூழ்ந்து தூண் மண்டபம் அமைந்துள்ளது. நீர்மட்டம் தாழ்ந்தாலும் நடந்தே நீரை அடையலாம் என்பதே இவ்வமைப்பின் பயன். கமலைக் கிணற்றில் கயிறு நீளும். இங்குப் படி நீள்கிறது.

சித்திரை முழுநிலவன்று காஞ்சி வரதராசர் இம்மண்டபத்துள் எழுந்தருள்கிறார். அதற்கென முன்னரே நீரை இறைப்பர். பிற நாள்களில் பெரும்பாலும் நீருள் மூழ்கியிருக்கும் இடத்தில் மக்கள் குடும்பத்தோடு இறங்கி உலவுகின்றனர். ஊரார்க்கு அது பொழுதுபோக்கும்கூட. பின்னர்ப் பாலாற்று மணலில் பள்ளம் தோண்டி ஊறல் விழா நிகழ்கிறது.

இவற்றைச் சமய நிகழ்வாகவே விளக்குவது வழக்கம். ஆயின் கோடையில் ஒரே திதியில் ஆண்டுதோறும் கிணறு இறைக்கப்படுவதும் ஆறு தோண்டப்படுவதும் நிலத்தடி நீரின் அளவீடாகவும் கொள்ளத்தக்கவை. எத்தனை நாள் இறைத்தனர், எவ்வாழத்தில் ஊற்று கண்டது என்பவற்றை இறைப்போரிடமும் தோண்டுவோரிடமும் கேட்டுப் பதிதல் வேண்டும். மணல் பெருமளவு அள்ளப்பட்டுவிட்ட பாலாற்றில், பழைய ஊற்றின் ஆழத்துக்கு முதியோர் நினைவும் ஒரு சான்றே.